நெத்திலியும் நீர்க்காகமும்: பெரு நாட்டுக் கடல் கற்பித்த பாடம்

நம் நாட்டுப் பழைய அரசியல் நூல்களில் 'மச்ச நியாயம்' என்றொரு தொடர் வழங்குகிறது. காவலன் இல்லாத நாட்டில், பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதைப் போல, வலியவன் எளியவனை விழுங்கிவிடுவான் என்பது அதன் பொருள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இக்கருத்து எடுத்தாளப்பட்டுள்ளது. அரசு என்ற ஒன்று ஏன் வேண்டும் என்பதை விளக்கப் பெரியோர் கையாண்ட உவமை அது. உவமை என்ற அளவில் அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் மெய்யான கடலைக் கூர்ந்து ஆராய்ந்தோர் அங்கே வேறொரு நியாயத்தையும் கண்டனர். பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது உண்மையே. ஆனால் விழுங்குகின்றவன் எத்தனை பேர் என்பதை விழுங்கப்படுகின்றவனே வரையறுத்து விடுகிறான். இரை குன்றினால் வேட்டையாடுவோன் குன்றுகிறான். இரை மீண்டும் பெருகும்போது அவனும் பெருகுகிறான். இந்த வரவு செலவுக் கணக்கினுள் மனிதன் புகுந்தபோது நேர்ந்தது என்ன என்பதை, தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பசிபிக் மகாசமுத்திரத்தின் கீழ்க்கரையில் நீண்டு கிடப்பது பெரு நாடு. அதன் கடற்கரை பெரும்பாலும் மழை காணாத பாலைவனம். ஆனால் அந்தப் பாலைவனத்தை அடுத்துள்ள கடலோ உலகிலேயே வளம் மிகுந்த கடல்களுள் ஒன்று. இம்முரண்பாட்டுக்குக் காரணம் காற்று. தென்கிழக்கு வாணிபக் காற்று கரையை ஒட்டி இடைவிடாது வீசுகிறது. அக்காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகின்றன. விலகிய நீரின் இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. கடலடியை நோக்கி இறங்கிய உயிர்ப் பொருள்கள் மக்கியதனால் உண்டான உப்புச் சத்துக்களை அந்நீர் தன்னுடன் கொணர்கிறது. வயலுக்கு எரு இடுவது போன்ற செயல் இது. சூரிய ஒளியும் இந்த எருவும் ஒன்றுகூடும் இடத்தில், கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் கோடானுகோடியாகத் தழைக்கின்றன. அவற்றை மேய்வன நீரில் மிதந்து திரியும் சின்னஞ்சிறு உயிர்கள். இவ்விரண்டையும் உண்டு வாழ்வது, ஒரு சாண் நீளம்கூட இல்லாத நெத்திலி மீன். நாம் உண்ணும் நெத்திலியின் குடும்பத்தைச் சேர்ந்ததே அதுவும். ஆனால் பெரு நாட்டுக் கடலில் அது கூடும் பெருங்கூட்டத்துக்கு ஈடான மீன் கூட்டம் உலகில் வேறெங்கும் அரிது.

இந்த நெத்திலியை நம்பி வாழ்வோர் பட்டியல் நீளமானது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களும், கணவாயும், கடற்சிங்கமும் இதனை உண்ணுகின்றன. நெத்திலியே தன் இனத்தின் முட்டைகளையும் தின்பதுண்டு. எல்லோரையும்விடப் புகழ்பெற்ற விருந்தாளிகள் கடற்பறவைகள். 'குவானாய்' என்னும் நீர்க்காகமும், 'பிக்கேரோ' என்னும் பறவையும், கூழைக்கடாவும் கரையை அடுத்த பாறைத் தீவுகளில் லட்சக்கணக்கில் கூடு கட்டுகின்றன. நீர்க்காகம் ஒன்று நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான மீனை உண்ணும். உண்டதன் எச்சத்தில் ஒரு பகுதி மீண்டும் கடலில் விழுந்து பாசிக்கு உரமாகிறது. எஞ்சியது தீவுகளிலேயே தங்குகிறது. மழையே இல்லாத நிலமாதலால் அது கரைந்தோடாமல், ஆண்டாண்டுக் காலமாக அடுக்கடுக்காகப் படிந்து இறுகிப் போயிற்று. இதற்குக் 'குவானோ' என்று பெயர். எருவைக் குறிக்கும் கெச்சுவா மொழிச் சொல்லொன்று ஸ்பானிய மொழி வழியாக உலகெங்கும் பரவி இவ்வாறு நிலைத்தது.

அந்த எச்சத்தின் அருமையை முதலில் அறிந்தவர்கள் அந்நாட்டுப் பழங்குடி மக்கள். தாய்வழியில் இன்கா அரச மரபினரான கார்சிலாசோ தெ லா வேகா, 1609-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். இன்கா மன்னர் காலத்தில் பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் தீவில் காலடி வைப்பதும், எக்காலத்திலும் பறவையைக் கொல்வதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாகக் கருதப்பட்டனவாம். ஒவ்வோர் ஊருக்கும் இன்ன தீவு, இன்ன பங்கு என்று வரையறுத்திருந்தனராம். கடலுக்கும் வயலுக்கும் இடையே பறவையே பாலம் என்பதை விஞ்ஞானக் கருவிகள் ஏதுமின்றியே அவர்கள் உணர்ந்திருந்தனர்.

பின்வந்தோர் அவ்வாறு கருதவில்லை. 1802-ஆம் ஆண்டில் பெரு நாட்டுக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், குவானோவின் மாதிரிகளை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். அதன் உரச்சத்து அங்கே மெய்ப்பிக்கப்பட்டதும், 1840-ஆம் ஆண்டு முதல் கப்பல் கப்பலாக ஏற்றுமதி தொடங்கிற்று. சிஞ்சா தீவுகளில் நூறு அடிக்கு மேல் உயர்ந்திருந்த எருமலைகள் ஒரே தலைமுறையில் வெட்டியெடுக்கப்பட்டன. அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஒரு கோடி டன்னுக்கு மேல் கடல் கடந்து சென்றது. நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில், சீனத் தொழிலாளர் பெரு நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவருள் ஒரு பகுதியினர் இத்தீவுகளின் தூசியிலும் துர்நாற்றத்திலும் உழன்று மடிந்தனர். 1864-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கடற்படை இத்தீவுகளைக் கைப்பற்ற, போரே மூண்டது. பெரு அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி பறவையின் எச்சத்தையே நம்பி நின்ற காலம் அது. எரு தீர்ந்தது, வருமானமும் தீர்ந்தது, கடன் மட்டும் எஞ்சிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரு நாட்டார் விழித்துக்கொண்டனர். 1909-ஆம் ஆண்டில் குவானோ நிர்வாகக் கம்பெனி என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. தீவுகளுக்குக் காவலர் நியமிக்கப்பட்டனர். பறவைகளைச் சுடுவதும், கூடு கட்டும் பருவத்தில் அவற்றைக் கலைப்பதும் தடுக்கப்பட்டன. ஒரு தீவில் எருவை எடுத்தபின், மீண்டும் எடுக்குமுன் அதற்கு ஓய்வு தரப்பட்டது. பிற்காலத்தில் கரையோர முனைகளைச் சுவர் எழுப்பித் தடுத்து, நரி முதலிய விலங்குகள் நுழையாதபடி செய்து, அங்கும் பறவைகளைக் குடியேற்றினர். பயனும் கைமேல் கிட்டியது. பறவைகள் பெருகின, 1950-களின் நடுவில் அவற்றின் தொகை 2 கோடிக்கும் மேலாயிற்று. அழிந்துபோன செல்வம் ஒன்றை அறிவினாலும் பொறுமையினாலும் மீட்டெடுத்த இந்நிகழ்ச்சி போற்றத்தக்கது.

இத்தனை பாதுகாப்பு இருந்தும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பறவைகள் ஏராளமாகச் செத்து விழுந்தன. இதன் காரணத்தை ஆராய அக்கம்பெனி வில்லியம் வோட் என்னும் அமெரிக்க அறிஞரை 1939-ஆம் ஆண்டில் அமர்த்தியது. அவர் தீவுகளிலேயே தங்கிப் பறவைகளைக் கவனித்தார். அவர் கண்ணெதிரிலேயே பெற்றோர் இரை தேடிச் சென்று திரும்பாமல் குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. நோய் காரணமன்று, நெத்திலி கிட்டாமையே காரணம் என்பது தெளிவாயிற்று. வாணிபக் காற்று தளரும் ஆண்டுகளில் வெதுவெதுப்பான நீர் கரையை மூடிக்கொள்கிறது. சத்து நிறைந்த குளிர் நீர் மேலெழுவது தடைப்படுகிறது. பாசி குன்றுகிறது, நெத்திலி ஆழத்துக்கோ தெற்கு நோக்கியோ சென்று விடுகிறது, பறவையின் அலகுக்கு எட்டுவதில்லை. கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி வரும் இந்த வெந்நீரோட்டத்துக்கு, குழந்தை இயேசுவை நினைந்து, அந்நாட்டுச் செம்படவர் 'எல் நீனோ', அதாவது 'குழந்தை', என்று பெயரிட்டிருந்தனர். ஒரு கடல் எத்தனை உயிர்களைத் தாங்குமோ அத்தனையே அங்கு நிலைக்கும். காவலினால் மட்டும் அந்த எல்லையைக் கடக்க இயலாது என்பதே வோட் கண்ட முடிவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல் நீனோ வந்த ஆண்டில் பறவைகள் மாண்டன. ஆனால் சில ஆண்டுகளில் மீண்டும் பெருகின. கடல் குளிர்ந்ததும் நெத்திலி திரும்பும்; நெத்திலியைத் தொடர்ந்து பறவையும் திரும்பும். வீழ்ச்சியும் எழுச்சியும் அக்கடலின் மூச்சைப் போன்றவை.

1950-களில் புதிய வேட்டைக்காரன் வந்தான். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியாக் கரையில் சாளை மீன் தொழில் அளவு மீறிய வேட்டையாலும் கடலின் மாறுதலாலும் சரிந்து, ஆலைகள் மூடிக்கிடந்தன. அங்கிருந்த இயந்திரங்களும் படகுகளும் மலிவாகப் பெரு நாட்டுக்கு விற்கப்பட்டன. நெத்திலியைப் பிடித்து, வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்து மீன் தூளாக்கினர். அத்தூள் மனிதர் உண்பதற்கன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாயிற்று. நைலான் வலைகள் வந்தன. சிம்போத்தே என்ற சிற்றூர் ஆலைப் புகை சூழ்ந்த பெருந்துறைமுகமாயிற்று. 1960-களில், எடைக் கணக்கில் உலகத்தின் முதல் மீன்பிடி நாடு என்ற பெயரைப் பெரு பெற்றது.

குவானோ நிர்வாகத்தார் இதனை எதிர்த்தனர். பறவையின் உணவைப் பறித்தால் பறவை எப்படி வாழும் என்பது அவர்கள் வாதம். மீன் தூள் ஆலைகளின் பக்கத்தில் நின்றோர் கணக்கை வேறு விதமாகப் போட்டனர். ஒரு டன் எரு கிடைக்கப் பறவைகள் பல டன் நெத்திலியைத் தின்றுவிடுகின்றன. அதே மீனைத் தூளாக்கி விற்றால் வரும் பணம் பன்மடங்கு என்பது அவர்கள் வாதம். பணக் கணக்கில் அவர்கள் கூறியது பிழையன்று. ஆகவே பறவைகளின் பக்கம் தோற்றது.

1957, 1958-ஆம் ஆண்டுகளில் கடுமையான எல் நீனோ வந்து பறவைகள் பெருமளவில் மாண்டன. பிறகு ஓரளவு தேறின. 1965-ஆம் ஆண்டில் மீண்டும் கடல் வெம்மையுற்றது. அம்முறை பறவைகளின் தொகை 50 லட்சம் அளவுக்குத் தாழ்ந்தது. கடல் குளிர்ந்த பின்னும் பழைய நிலைக்கு உயரவில்லை. நெத்திலி திரும்பி வந்தது. ஆனால் பறவைக்குரிய பங்கு வலைகளுக்குப் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக வீழ்ந்து எழுந்த ஓர் இனம் இம்முறை எழ இயலாமல் கிடந்தது. கடலின் கணக்கில் எங்கோ பெரும் பற்றாக்குறை ஏற்பட்டுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான அறிவிப்பு வேண்டுவதில்லை.

அறிஞர் சிலர் இதனை உணர்ந்தே இருந்தனர். 1964-ஆம் ஆண்டில் பெரு நாட்டுக் கடல் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அமெரிக்க மீன்வள அறிஞர் மில்னர் ஷேபர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மனிதரையும் பறவைகளையும் ஒரே நெத்திலிக் கூட்டத்தை வேட்டையாடும் இரு கூட்டாளிகளாகக் கொண்டு கணக்கிட்டார். ஆண்டுக்குச் சுமார் 95 லட்சம் டன்னே மனிதர் பிடிக்கத்தக்க எல்லை என்று அக்கால நிபுணர்கள் மதிப்பிட்டனர். ஆனால் 1970-ஆம் ஆண்டில் பிடிபட்டது 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். உலகில் பிடிபட்ட மீனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே இனம். எல்லைக்குள் அடங்கப் படகும் ஆலையும் மிகுதியாயிருந்தன. அவற்றுக்காக வாங்கிய கடனும் மிகுதியாயிருந்தது. ஆலையை நிறுத்தினால் கூலி இல்லை. கூலி இல்லையேல் கிளர்ச்சி. எனவே எச்சரிக்கையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதன்படி ஒழுகவும் இல்லை.

1972-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடல் மீண்டும் வெம்மையுற்றது. குளிர் நீர் கரையோரத்தில் ஒரு குறுகிய பட்டையாகச் சுருங்க, எஞ்சியிருந்த நெத்திலிகள் எல்லாம் அங்கே நெருக்கமாகக் குவிந்தன. வலை வீசியவர்களுக்கு அது பெருவிளைச்சலாகத் தோன்றியது. சில வாரங்கள் அள்ளிக் குவித்தனர். உண்மையில் அது மிஞ்சியிருந்த முதல். அவ்வாண்டு புதிதாகச் சேர வேண்டிய இளமீன்கள் மிகக் குறைவு என்பதை ஆராய்ச்சிக் கழகத்தார் கண்டனர். ஆண்டின் நடுவில் வலைகள் வெறுமையாக வந்தன. 1973-ஆம் ஆண்டில் பிடிபட்டது 20 லட்சம் டன்னுக்கும் குறைவு. அரசாங்கம் அத்தொழிலைத் தேசியமயமாக்கியது, ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்நாட்டு மக்கள் விரும்பி உண்ட சூரை மீனும் 1970-களில் மிகவும் அருகிப் போயிற்று. அயல்நாட்டுக் கோழிக்குத் தீவனம் தேடப் போய், தம் நாட்டார் தட்டிலிருந்த மீனும் குறைந்தது.

மீன் தூளுக்குப் பதிலாகச் சோயா மொச்சையைத் தேடி உலகச் சந்தை ஓடியதும் அந்த விலையேற்றத்துக்கு ஒரு காரணமாயிற்று. 1973-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கா சில காலம் சோயா ஏற்றுமதியையே தடை செய்தது. ஒரு சாண் நீளமில்லாத மீனின் குறைவு உலகின் மறுகோடியில் இருந்த அடுப்பங்கரை வரை எட்டிற்று.

நேயர்களே, அதே 1972-ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் பருவமழை பெரிதும் பொய்த்தது. மகாராஷ்டிர மாநிலத்தில் கடும் வறட்சி நிலவியது. பல லட்சம் பேர் நிவாரண வேலைகளில் கல் உடைத்தும் மண் சுமந்தும் பிழைத்தனர். அன்றைய பம்பாயிலும் புனாவிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் மூத்தோருக்கு அந்த ஆண்டின் தானியத் தட்டுப்பாடு நினைவிருக்கக் கூடும். பெரு நாட்டு நெத்திலிக்கும் மராட்டிய நாட்டுச் சோளத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பைத் தேடும் வேலை நம் நாட்டிலிருந்தே தொடங்கிற்று. 1904-ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், பருவமழை ஏன் சில ஆண்டுகளில் தவறுகிறது என்று கண்டறிய, உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டினார். பசிபிக் பகுதியில் அழுத்தம் உயரும்போது இந்து சமுத்திரப் பகுதியில் தாழ்வதையும், பின்னர் அது மாறுவதையும் கண்டு, அதனைத் 'தென் அலைவு' என்று 1920-களில் பெயரிட்டு விளக்கினார். 1969-ஆம் ஆண்டில் யாக்கோப் பியர்க்னஸ் என்னும் அறிஞர், இந்த அலைவும் எல் நீனோவும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்று காட்டினார். எல் நீனோ வந்த ஒவ்வோர் ஆண்டும் நமக்கு மழை தவறுவதில்லை. 1997-ஆம் ஆண்டில் மிக வலிய எல் நீனோ வந்தும் நம் பருவமழை ஏறக்குறைய இயல்பாகவே பெய்தது. ஆயினும் நம் கொடிய வறட்சிகள் பலவற்றுக்குப் பின்னணியில் அது இருந்திருக்கிறது.

பெரு நாட்டு நெத்திலி அடியோடு அழிந்து விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின், 1990-களில் அது மீண்டும் பெருகிற்று. ஒவ்வொரு படகுக்கும் தனித்தனி அளவு வகுக்கும் சட்டம் 2008-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் பறவைத் தீவுகளும் முனைகளும் தேசியக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டில் எல் நீனோ வந்து, இளமீன்களே மிகுதியாயிருப்பது தெரிந்ததும், அவ்வாண்டின் முதற்பருவ மீன்பிடிப்பையே அரசாங்கம் கைவிட்டது. 1972-ஆம் ஆண்டு கற்பித்த பாடம் வீணாகவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் பறவைகள் அந்தப் பழைய 2 கோடித் தொகையை மீண்டும் எட்டவே இல்லை.

இப்பாடம் அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கேரளக் கரையிலும் குளிர் நீர் மேலெழுகிறது. அங்கே நெத்திலியின் இடத்தில் இருப்பது மத்தி எனப்படும் சாளை. கொல்லத்திலும் கொச்சியிலும் வாழும் தமிழர் அதனை அன்றாடம் சந்தையில் காண்பவர்கள். கேரளத்தில் 2012-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்ட சாளை, 2021-ஆம் ஆண்டில் 4,000 டன்னுக்கும் குறைந்தது. கடலின் வெப்ப மாறுதலும், இளமீன்களை வாரியெடுத்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஏழையின் மீன் என்று பெயர் பெற்றது ஏழைக்கு எட்டாத விலையில் விற்ற ஆண்டுகள் அவை.

கடலில் உண்போர் பலர், உணவு ஒன்று. பறவைக்கும் பெரிய மீனுக்கும் கடலே அளவு வகுத்து விடுகிறது. இரை கிட்டாத ஆண்டில் அவை குறைகின்றன, எஞ்சிய இரை பிழைத்துப் பெருகுகிறது. மனிதனுக்கோ அந்தத் தடை உடனே தாக்குவதில்லை. கடன் வாங்கியும், பெரிய வலை வீசியும், தொலைவு சென்றும் குறைவை மறைத்துக்கொள்ள அவனால் முடிகிறது. ஆகவே அவனுக்கு வேண்டிய அளவை அவனே வகுத்துக்கொள்ள வேண்டும். மச்ச நியாயத்தைத் தடுக்க அரசு வேண்டும் என்று நம் முன்னோர் கூறினர். பறவைக்கு உரிய பங்கையும், நாளைக்குப் பிறக்கவிருக்கும் மீனின் பங்கையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் நமது என்று கொள்ளும் கட்டுப்பாட்டை விதிக்கவும் அந்த அரசே வேண்டும்.